போர்ஷ் யாருடையது? ஸ்லாவிய அண்டை நாடுகளின் சாப்பாட்டுச் சண்டைகள்

2022 ஏப்ரல். கீவ் நகரைப் பிடிக்க வந்த ரஷ்யப் படைகள் முடியாமல் பின்வாங்கியிருந்தன. அவை விட்டுப்போன புச்சா நகரத் தெருக்களில் கிடந்த உடல்களின் படங்களை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் மாஸ்கோவில் பத்திரிகையாளர்களிடம் பேசிய ரஷ்ய வெளியுறவு அமைச்சகச் செய்தித் தொடர்பாளர் மரியா ஸகரோவா, போரை நியாயப்படுத்தும் பேச்சுக்கு நடுவே ஒரு சூப்பை இழுத்தார். உக்ரைன்காரர்களுக்கு போர்ஷ் என்ற பீட்ரூட் சூப்பைப் பகிர்ந்துகொள்ள மனமில்லை, அது ஒரே இனத்துக்குத்தான் சொந்தம் என்கிறார்கள், ஒவ்வொரு வட்டாரத்திலும் இல்லத்தரசிகள் தங்கள் கைப்பக்குவத்தில் சமைக்கலாம் என்பதை ஏற்க மறுக்கிறார்கள், இதற்குப் பெயர்தான் அந்நியர் வெறுப்பு, நாசிசம், தீவிரவாதம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1 அன்று யுனெஸ்கோ, உக்ரைனின் போர்ஷ் சமையல் பண்பாட்டை அவசரப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வரிசையில் காத்திருக்க வேண்டிய விண்ணப்பம். போர் அதை அவசர வழியில் முன்னே தள்ளியது. லட்சக்கணக்கானோர் வீடு இழந்து சிதறிவிட்டார்கள், சேர்ந்து சமைக்கவும் உண்ணவும் அவர்களுக்கு வழியில்லை, சொந்தத் தோட்டத்துக் காய்கறிகூடக் கைக்கு எட்டவில்லை என்பது யுனெஸ்கோ சொன்ன காரணம். 'போர்ஷ் போரில் வெற்றி நமதே' என்று உக்ரைனின் அப்போதைய பண்பாட்டு அமைச்சர் ஒலெக்சாந்தர் த்காச்சென்கோ அறிவித்தார்.

போர்க்களத்தில் தினமும் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது பீட்ரூட் சூப்புக்கு இவ்வளவு சண்டை எதற்கு என்று தோன்றலாம். ஆனால் இந்தச் சூப்பின் கதையை ஒழுங்காகப் பின்தொடர்ந்தால், அந்தப் போரின் வேர் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஸ்லாவிய மக்களின் சாப்பாட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை பேசித் தீர்க்கக்கூடியவை. சில தீர்ந்தும் விட்டன. இது மட்டும் ஏன் தீரவில்லை என்பதுதான் கேள்வி.

பொதுவான அடுப்பு

ஸ்லாவிய மொழிகள் பேசும் மக்கள் மூன்று பெரும் கிளைகளாக ஐரோப்பாவின் பாதியில் பரவியிருக்கிறார்கள். கிழக்கே ரஷ்யர், உக்ரைனியர், பெலாரஸியர். மேற்கே போலந்துக்காரர், செக், ஸ்லோவாக். தெற்கே பல்கேரியர், செர்பியர், குரோவேஷியர், ஸ்லோவேனியர், மாசிடோனியர், போஸ்னியர், மாண்டினீக்ரோவினர். கிழக்கில் பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் சபை, மேற்கில் பெரும்பாலும் கத்தோலிக்கம், தெற்கில் இரண்டும் இஸ்லாமும் கலந்து. இவர்களை ஆண்ட பேரரசுகளும் வேறுவேறு: ரஷ்ய ஜார்கள், போலந்து-லித்துவேனிய அரசு, ஆஸ்திரியா, உஸ்மானியத் துருக்கி.

இவ்வளவு பிரிவினை இருந்தும் அடுப்பங்கரைக்குள் நுழைந்தால் ஒரே மாதிரியான வாசனைதான் வரும். காரணம் எளிமையானது. அந்த மண்ணில் விளைச்சல் காலம் குறுகியது, குளிர்காலம் நீளமானது. அறுவடை முடிந்ததும் ஆறு மாதத்துக்கு வேண்டியதைப் பத்திரப்படுத்தியாக வேண்டும். அதனால் முட்டைக்கோஸை உப்பிட்டுப் புளிக்க வைத்தார்கள். பீட்ரூட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிப்புச்சாறு எடுத்தார்கள். கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தின் கறுத்த ரொட்டியிலிருந்து க்வாஸ் என்ற பானம் செய்தார்கள். காளான்களை உலர்த்தினார்கள், பன்றிக் கொழுப்பை உப்பில் போட்டு வைத்தார்கள். புளிப்புதான் அந்தச் சமையலின் முதுகெலும்பு. இதற்கு மேல் சபையின் நோன்புக் காலண்டர். ஆர்த்தடாக்ஸ் முறையை முழுமையாகக் கடைப்பிடிப்பவருக்கு ஆண்டில் ஏறக்குறைய 200 நாட்கள் இறைச்சியும் பாலும் கிடையாது. அந்த நாட்களுக்காகவே காளான், கஞ்சி, கீரை, விதை எண்ணெய் வைத்து தனியாக ஒரு சமையல் வளர்ந்தது.

இந்தச் சமையலின் பழமைக்குச் சாட்சியாக எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதை உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் கீவில் தொகுக்கப்பட்ட நாளாகமத்தில், 997-ஆம் ஆண்டுக்கான குறிப்பில் அது வருகிறது. இளவரசர் வொலொதிமிர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து பெச்செனெக் என்ற நாடோடிப் படை பெல்கொரோத் என்ற கோட்டை நகரைச் சூழ்ந்துகொள்கிறது. உள்ளே பட்டினி. சரணடைய ஊரார் முடிவெடுக்கிறார்கள். அப்போது ஒரு முதியவர், வீடு வீடாக ஓட்ஸ், கோதுமை, தவிடு எது கிடைத்தாலும் கொண்டுவரச் சொல்கிறார். அதைக் கரைத்து ஒரு கிணற்றுக்குள் தொட்டி வைத்து ஊற்றுகிறார்கள். இன்னொரு கிணற்றில் தேன் கரைசல். பிறகு எதிரியின் தூதர்களை அழைத்து, கிணற்றிலிருந்து மொண்டு காய்ச்சி, கிசெல் என்ற அந்தக் கூழைச் சாப்பிடக் கொடுக்கிறார்கள். எங்களுக்கு மண்ணே சோறு போடுகிறது, பத்து வருஷம் நின்றாலும் எங்களை என்ன செய்ய முடியும் என்கிறார்கள். நம்பிய படை முற்றுகையை விட்டுப் போய்விடுகிறது.

அந்தப் பெல்கொரோத் இன்றைய ரஷ்யாவின் பெல்கொரோத் நகரம் கிடையாது. கீவுக்கு மேற்கே இருக்கும் பிலோகொரோத்கா என்ற ஊர் அது. ஆனால் அந்த நாளாகமத்தை ரஷ்யர்களும் தங்கள் வரலாற்றின் முதல் பக்கமாகவே படிக்கிறார்கள். ஒரே முதல் பக்கத்தை உக்ரைன், ரஷ்யா, பெலாரஸ் என மூன்று நாடுகள் வைத்திருப்பதில் தவறில்லை. அந்தப் பக்கம் எனக்கு மட்டும்தான் என்று அதில் பெரிய நாடு சொல்லத் தொடங்கும்போது தகராறு வருகிறது.

பீட்ரூட் இல்லாத போர்ஷ்

இன்று போர்ஷ் என்றாலே கண்முன் வருவது அந்தச் சிவப்பு நிறம். ஆதிகாலத்துப் போர்ஷில் பீட்ரூட்டே கிடையாது. வயலோரத்தில் தானாக முளைக்கும் ஒரு காட்டுச் செடியின் இளந்தண்டையும் இலையையும் தண்ணீரில் புளிக்க வைத்து, அந்தச் சாற்றைக் காய்ச்சிக் குடித்தார்கள். ஏழைகளின் வசந்தகால உணவு. போலந்துத் தாவரவியலாளர் ஷிமோன் சிரென்ஸ்கி அந்தச் செடியின் சாற்றில் செய்த சூப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அது போலந்து, லித்துவேனியா, உக்ரைன், ரஷ்யா எல்லாப் பக்கமும் இருந்தது.

1584 அக்டோபரில் மார்ட்டின் க்ரூனெவெக் என்ற ஜெர்மானிய வணிகர் கீவ் பக்கம் வருகிறார். நகருக்கு அருகே ஓடும் போர்ஷ்சாகிவ்கா என்ற ஓடைக்கரையில் போர்ஷ் சந்தை நடந்ததால் அந்தப் பெயர் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்ல, அவர் நாட்குறிப்பில் சந்தேகப்படுகிறார். இந்த மக்கள் போர்ஷை விலைக்கு வாங்குவதே அபூர்வம், ஒவ்வொருவரும் வீட்டில் தாங்களே சமைக்கிறார்கள், அதுதான் அவர்களுக்குத் தினசரி உணவும் பானமும் என்று காரணம் எழுதுகிறார். நானூறு ஆண்டுக்கு முன்பே கீவில் அது வீட்டுச் சாப்பாடு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கடையில் விற்றதற்கு ஆதாரம் கிடைப்பது சுலபம். எல்லார் வீட்டிலும் இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று கிடைப்பது கடினம்.

புளிக்க வைத்த பீட்ரூட் சாறு அந்தக் காட்டுச் செடியின் இடத்தைப் பிடித்தது அதற்குப் பின்னர்தான். இன்றைய உக்ரைன் நிலப்பகுதியில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் நடந்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உருளைக்கிழங்கு 19-ஆம் நூற்றாண்டில்தான் கிழக்கு ஐரோப்பிய விவசாயியின் பானைக்குள் உறுதியாக உட்கார்ந்தது. தக்காளி அதற்கும் பிறகு. ஆக, இன்று பாட்டி காலத்து மரபு என்று சொல்லப்படும் போர்ஷின் வயது அதிகம் போனால் நூற்றைம்பது வருஷம். இதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. வாழும் சமையல் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

உக்ரைனுக்குள்ளேயே அது ஊருக்கு ஊர் வேறு. பொல்தாவா பக்கம் ஹலுஷ்கி என்ற மாவு உருண்டைகளைப் போடுவார்கள். அந்த வட்டாரத்தின் ஒபிஷ்னியா ஊரில் புகையூட்டிய பேரிக்காய் சேரும். கருங்கடல் ஓரத்தில் மீன். மேற்கே கலீசியாவில் புளிப்பு தூக்கலாக, காய்கறி குறைவாக. வசந்தத்தில் புளிப்புக் கீரை வகையான சோரெல் போட்ட பச்சை போர்ஷ். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் இறைச்சி இல்லாமல் உலர்ந்த காளான் சேர்த்த நோன்பு போர்ஷ். ஒரு கரண்டி ஸ்மெத்தானா என்ற புளித்த பாலாடை, பூண்டு தடவிய பம்புஷ்கி ரொட்டி, கூடவே உப்பிட்ட பன்றிக் கொழுப்பு. தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்கப் போய் 2022 போரில் திரும்பிவந்த மாணவர்களில் பலருக்கு இந்தச் சூப் கல்லூரி உணவகத்தில் பழகியதாகத்தான் இருக்கும்.

சரி, ரஷ்யர்களுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. ரஷ்யாவின் மூதாதைச் சூப் ஷ்சி என்ற முட்டைக்கோஸ் சூப்தான். ஷ்சியும் கஞ்சியும்தான் எங்கள் சாப்பாடு என்று ரஷ்யப் பழமொழியே உண்டு. ஆனால் பேரரசின் காலத்தில் தெற்கிலிருந்து போன சமையல்காரர்கள், சிப்பாய்கள், குடிபெயர்ந்தவர்கள் வழியாக போர்ஷ் ரஷ்யாவுக்குள் ஆழமாகப் போய்விட்டது. சோவியத் காலத்தில் மாஸ்கோ போர்ஷ், கடற்படை போர்ஷ் என்று தனித்தனி வகைகளே வந்தன. மாஸ்கோவிலோ சைபீரியாவிலோ பிறந்து அம்மா வைத்த போர்ஷைக் குடித்து வளர்ந்த ஒருவருக்கு அது அவர் வீட்டு உணவு. அதை யாரும் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது. கிழக்கு ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்கள் அதை அமெரிக்காவுக்கே கொண்டுபோனார்கள். ஸ்லாவியர் அல்லாத லித்துவேனியர்களின் கோடைக்கால உணவே இளஞ்சிவப்புக் குளிர் போர்ஷ்தான். அவர்களிடம் யாரும் சண்டைக்குப் போகவில்லை.

சோவியத் உணவகத்தின் வேலை

இங்கே அனஸ்தாஸ் மிக்கோயானைச் சொல்லியாக வேண்டும். ஆர்மீனியாவில் பிறந்தவர், ஸ்டாலினின் உணவுத்துறை ஆணையர். 1936-ல் அமெரிக்கா போய் அங்குள்ள உணவுத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அவருடைய துறையின் மேற்பார்வையில் 1939-ல் வெளியான படங்கள் நிறைந்த சமையல் புத்தகம், பல பதிப்புகள் கண்டு சோவியத் வீடுகளில் கிட்டத்தட்ட வேதநூலாக இருந்தது. தொழிற்சாலை, பள்ளி, படைமுகாம் எங்கும் பொது உணவகம்; எங்கும் அரசு அச்சிட்ட ஒரே அளவுக் குறிப்பு. பீட்ரூட் இத்தனை கிராம், முட்டைக்கோஸ் இத்தனை கிராம். பதினோரு நேர மண்டலங்களில் ஒரே சூப். விண்வெளிக்குப் போனவர்களுக்குக்கூட குழாயில் அடைத்த போர்ஷ் கொடுத்தார்கள்.

இதை முழுக்கக் கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். பசியை நினைவில் வைத்திருந்த ஒரு தலைமுறைக்குச் சூடான சூப் நிச்சயமாகக் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு குடியரசுக்கும் ஒரு ஆட்டம், ஓர் உடை, ஓர் உணவு என்று ஒதுக்கப்பட்டது. உக்ரைனுக்குக் கிடைத்தது போர்ஷும் பன்றிக் கொழுப்பும் வரெனிக்கி என்ற மாவுக் கொழுக்கட்டையும். ஆட்சி, அறிவியல், உயர்ந்த இலக்கியம் எல்லாம் ரஷ்ய மொழியில்; நாட்டுப்புறச் சிரிப்பும் சாப்பாடும் உக்ரைனியத்தில். 1876-லேயே ஜார் அரசு உக்ரைன் மொழியில் நூல் அச்சிடுவதை ஏறக்குறைய முற்றாகத் தடை செய்திருந்தது. மொழியைப் பிடுங்கிக்கொண்டு சமையலை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு அந்தச் சமையலும் 'நம் பொதுவானது' ஆகிவிட்டது. 2019 மே மாதம் ரஷ்ய அரசின் ஆங்கில ட்விட்டர் கணக்கு போர்ஷை ரஷ்யாவின் புகழ்பெற்ற, மிகவும் நேசிக்கப்படும் உணவுகளில் ஒன்று என்று எழுதியபோது உக்ரைனில் எழுந்த கோபத்துக்குப் பின்னால் இந்த நீண்ட கணக்கு இருந்தது. உக்ரைனின் கிரைமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டு அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தக் கோபத்தை விண்ணப்பமாக மாற்றியவர் கீவின் இளம் சமையற்கலைஞர் யெவ்ஹேன் க்ளோபொதென்கோ. உக்ரைன் பள்ளி மதிய உணவைச் சீர்திருத்தப் பாடுபட்டுப் பெயர் வாங்கியவர். 2020-ல் போர்ஷ் உக்ரைனின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அங்கிருந்து யுனெஸ்கோவுக்குப் போனது.

யுனெஸ்கோ என்ன கொடுத்தது, என்ன கொடுக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 2003-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஒரு மரபு பட்டியலில் சேர்ந்தால், அதற்கு அந்த நாடு உரிமையாளர் ஆகிவிடாது. அந்தச் சமூகம் அதைத் தன் மரபாக வாழ்கிறது, பாதுகாக்க விரும்புகிறது என்ற அங்கீகாரம் மட்டுமே. பக்கத்து நாடும் அதே உணவுக்கு விண்ணப்பிக்கலாம். ரஷ்யா அப்போது அந்த உடன்படிக்கையில் சேரவே இல்லை. அதனால் அமைச்சர் சொன்ன 'வெற்றி' என்ற சொல் எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது. போர்க்காலத்து உணர்ச்சி புரிகிறது. ஆனாலும் பட்டியலின் நோக்கம் அது கிடையாது.

சோறும் சாவும்

உக்ரைனில் உணவு என்பது ஏன் இவ்வளவு வலிக்கிற விஷயம்? 1932-33 பஞ்சத்தைப் பேசாமல் இதற்குப் பதில் கிடையாது. உலகின் மிக வளமான கரிசல் மண்களில் ஒன்றில் அது நடந்தது. கூட்டுப்பண்ணைகள் மீதும் அவற்றில் சேராத விவசாயிகள் மீதும் ஸ்டாலின் அரசு நிறைவேற்ற முடியாத தானியக் கொள்முதல் இலக்கைச் சுமத்தியது. 1932 ஆகஸ்ட் 7 சட்டத்தின்படி வயலில் கதிர் பொறுக்கினால்கூட பத்து ஆண்டு சிறை அல்லது மரணம். நவம்பரில், தானியம் கொடுக்காத ஊர்களிடமிருந்து இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் அபராதமாகப் பிடுங்க ஆணை வந்தது. ஊர்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, கடைச் சரக்கு நிறுத்தப்பட்டது. 1933 ஜனவரியில், பசித்தவர்கள் உக்ரைனை விட்டு வெளியேறவும் வழி அடைக்கப்பட்டது. இறந்தவர்கள் சுமார் 39 லட்சம் என்பது உக்ரைன் மக்கள்தொகை ஆய்வாளர்களின் மதிப்பீடு. அரை நூற்றாண்டுக்கு மேல் இதை வெளியே பேசவே முடியவில்லை. ஹொலோதொமோர் என்று அழைக்கப்படும் இதை 2006-ல் உக்ரைன் நாடாளுமன்றம் இனப்படுகொலை என்று சட்டமாக்கியது. ரஷ்யா அதை ஏற்கவில்லை. பஞ்சம் சோவியத் ஒன்றியத்தின் பல பகுதிகளிலும் இருந்தது என்கிறது. கஜகஸ்தானிலும் லட்சக்கணக்கானோர் இறந்தது உண்மைதான். ஆனால் ஊரையே வளைத்து உணவு வராமலும் ஆள் வெளியேறாமலும் செய்த ஆணைகள் காகிதத்தில் இருக்கின்றன.

பாட்டியின் பானையிலிருந்து பீட்ரூட்டையும் அவரையையும் எடுத்துப்போன ஓர் ஆட்சியின் வாரிசு, அந்தப் பானையில் இருந்த சூப்பும் நம் பொதுச் சொத்து என்று சொன்னால் அந்தப் பேத்திக்கு எப்படி இருக்கும்?

2021 ஜூலையில் புதின் தன் பெயரில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்பது அதன் வாதம். ஏழு மாதத்தில் படை எல்லையைத் தாண்டியது. போர்ஷைப் பங்குபோட மனமில்லையா என்ற ஸகரோவாவின் கேள்வியை இந்தப் பின்னணியில்தான் கேட்க வேண்டும். பகிர்ந்துகொள்ள முதலில் இரண்டு பேர் வேண்டும். எதிரில் இருப்பவர் தனி ஆளே இல்லை என்று சொல்லிவிட்டு, பகிரவில்லை என்று அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. மற்ற ஸ்லாவியச் சண்டைகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

போலந்து: ஒரே இரவு விருந்து, ஆறாத காயம்

போலந்துக்கும் உக்ரைனுக்கும் இடையே ரத்தம் சிந்தாத உறவு ஒன்றும் கிடையாது. 1943-ல், இன்று மேற்கு உக்ரைனில் இருக்கும் வோலின் பகுதியில் உக்ரைனிய கிளர்ச்சிப் படை போலந்துக் கிராமத்தவர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றது. பதிலடியில் உக்ரைனியரும் செத்தார்கள். 1947-ல் போலந்தின் கம்யூனிச அரசு தன் தென்கிழக்கிலிருந்த சுமார் 1,40,000 உக்ரைனியரையும் லெம்கோ என்ற மலைவாழ் மக்களையும் பிடுங்கி நாட்டின் மேற்கிலும் வடக்கிலும் சிதறடித்தது. வோலின் கொலைகளை இனப்படுகொலை என்று 2016-ல் போலந்து நாடாளுமன்றம் தீர்மானம் போட்டபோது கீவ் கசந்தது.

ஆனால் டிசம்பர் 24 இரவு இரு நாட்டு மேசையையும் பாருங்கள். இறைச்சி இல்லாத பன்னிரண்டு உணவுகள். போலந்தில் பார்ஷ்ச் எனப்படும் தெளிந்த சிவப்பு போர்ஷ், அதற்குள் காளான் அடைத்த சின்னக் காதுமடல் வடிவ மாவுத் துண்டுகள். கோதுமையும் கசகசாவும் தேனும் கலந்த கூத்தியா, கிழக்குப் போலந்து முழுக்கவும் உக்ரைன் முழுக்கவும். முன்பு தேதி மட்டும் வேறாக இருந்தது. உக்ரைனில் ஜனவரி 7-தான் கிறிஸ்துமஸ். 2023-ல் உக்ரைன் அரசு விடுமுறையை டிசம்பர் 25-க்கு மாற்றிச் சட்டம் கொண்டுவந்தது. மாஸ்கோவின் காலண்டரிலிருந்து விலகும் முடிவு அது. இப்போது இரு நாடுகளிலும் முதல் விண்மீனுக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் ஒரே மாலையில்.

உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த பியரோகி என்ற மாவுக் கொழுக்கட்டையின் பயணம் இதைவிடச் சொல்லத்தக்கது. லிவீவ் சுற்றுவட்டாரத்து உணவு அது. 1945-ல் எல்லைகள் மேற்கே நகர்த்தப்பட்டு லிவீவ் சோவியத் உக்ரைனுக்குப் போனபோது, அங்கிருந்த போலந்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வ்ரோத்ஸ்வாஃப் போன்ற, ஜெர்மானியர்கள் விரட்டப்பட்டுக் காலியான நகரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் கையோடு போன பியரோகி போலந்து முழுவதும் பரவி, மலிவு உணவகங்களின் முதல் உணவாகிவிட்டது. அதன் வழக்குப் பெயரில் ருத்தேனியா என்ற பழைய நாட்டின் பெயர் ஒட்டியிருப்பதால், கேட்பவர் ரஷ்யா என்று நினைக்கக்கூடும். 2022-ல் போலந்தின் பல உணவகங்கள் அதை 'உக்ரைனிய பியரோகி' என்று பலகையில் மாற்றி எழுதின. இந்த முறை அண்டை வீட்டார் தாங்களாகவே முன்வந்து பெயரை விட்டுக்கொடுத்தார்கள்.

அந்த நல்லெண்ணத்துக்கும் எல்லை வந்தது. கருங்கடல் அடைபட்டதால் உக்ரைன் தானியம் நிலவழியாகப் போலந்துக்குள் வந்து விலையைச் சரித்தது. 2023 ஏப்ரலில் போலந்து இறக்குமதியைத் தடுத்தது. செப்டம்பரில் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா மூன்றின் மீதும் உக்ரைன் உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. 2024 பிப்ரவரியில் போராட்டக்காரர்கள் எல்லையில் உக்ரைன் தானியத்தைத் தரையில் கொட்டினார்கள். போலந்து விவசாயியின் நஷ்டம் நிஜமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மண்ணில் கொட்டிய தானியத்தின் படம், 1933-ஐ மறக்காத ஒரு நாட்டில் என்ன செய்யும் என்பதைக் கொட்டியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு பாலாடைக்கட்டிகள்

தீர்ந்த சண்டைக்கு நல்ல உதாரணம் தாத்ரா மலையில் இருக்கிறது. மலையின் வடபக்கம் போலந்தின் பொத்ஹாலே, தென்பக்கம் ஸ்லோவாக்கியா. இரு பக்கமும் இடையர்கள் செம்மறி ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி செய்து, செதுக்கிய மர அச்சில் அழுத்தி, குடிசைக்குள் புகையில் தொங்கவிடுவார்கள். போலந்தில் ஒஸ்த்ஸிபெக், ஸ்லோவாக்கியாவில் ஒஷ்தியெபொக். இதை இங்கே கொண்டுவந்தவர்கள் பல நூற்றாண்டுக்கு முன் கார்பாத்திய மலைத்தொடர் வழியே மந்தையோடு நகர்ந்துவந்த வலாக் இடையர்கள். அவர்களுடைய மூல மொழி ஸ்லாவிய மொழிகூட இல்லை. ஆக, உரிமை கோரும் இருவருக்குமே அது விருந்தாளி கொடுத்த சொத்து.

நம்மூர் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் போல ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஊரோடு பிணைந்த உணவுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. போலந்து ஒஸ்த்ஸிபெக்குக்கு விண்ணப்பித்தபோது ஸ்லோவாக்கியா ஆட்சேபித்தது. இரு நாடுகளும் உட்கார்ந்து பேசின. பெயர் கிட்டத்தட்ட ஒன்று, பூர்வீகமும் ஒன்று, ஆனால் இன்று செய்யும் முறை வேறு என்று ஒப்புக்கொண்டன. போலந்து வகையில் பசும்பால் 40 சதவீதத்துக்கு மேல் கூடாது, அதுவும் போலந்துச் சிவப்புப் பசுவின் பால். மே முதல் செப்டம்பர் வரையான மேய்ச்சல் காலத்துப் பாலாக இருக்க வேண்டும். ஸ்லோவாக்கிய வகையைத் தொழிற்சாலையிலும் செய்யலாம், பசும்பால் அதிகம் சேரலாம். 2008-ல் இரண்டுமே பதிவாயின.

இந்த எல்லையும் சாதுவானது கிடையாது. 1920-ல் ஒராவா, ஸ்பிஷ் பகுதிகள் பெரும் வல்லரசுகளால் இரண்டாகப் பிளக்கப்பட்டன. 1938-ல் போலந்து சில கிராமங்களைப் பிடுங்கியது. 1939-ல் ஜெர்மனியோடு சேர்ந்து ஸ்லோவாக்கியா போலந்துக்குள் படை நடத்தியது. ஆனாலும் இன்று ஒருவர் மற்றவரைத் தனி மக்கள் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் பாலின் சதவீதத்தை வைத்துப் பேச முடிந்தது.

தெற்கே ஸ்லோவேனியாவும் குரோவேஷியாவும் தெரான் என்ற சிவப்பு ஒயினுக்கு மோதிக்கொண்டன. கார்ஸ்ட் பீடபூமியின் செம்மண்ணில் விளையும் தங்கள் ஒயினின் பெயர் அது என்பது ஸ்லோவேனியாவின் வாதம். இஸ்த்ரியா தீபகற்பத்தில் காலங்காலமாக வளரும் திராட்சையின் பெயர் அது என்பது குரோவேஷியாவின் வாதம். 2017-ல் ஐரோப்பிய ஆணையம் இஸ்த்ரிய ஒயினிலும் திராட்சையின் பெயரைப் போட அனுமதி தந்தது. ஸ்லோவேனியா வழக்குப் போட்டு 2020-ல் தோற்றது. அதே 2017-ல்தான் பிரான் வளைகுடா கடல் எல்லை குறித்த நடுவர் தீர்ப்பை குரோவேஷியா ஏற்க மறுத்திருந்தது. ஒயின் கோபத்தில் கடல் கோபமும் கலந்திருந்தது. பல்கேரியாவின் ஷோப்ஸ்கா சாலட் இன்னும் வேடிக்கை. தக்காளி, வெள்ளரி, வெண்மையான பாலாடைக்கட்டி என்று தேசியக் கொடியின் மூன்று நிறமும் தட்டில் இருக்கும். பால்கன் முழுக்க எல்லாரும் பாரம்பரிய உணவாகக் கொண்டாடுகிறார்கள். 1950-களில் பல்கேரிய அரசுச் சுற்றுலா நிறுவனம் விருந்தினர்களுக்காக உருவாக்கியது அது.

காட்டுத் தேன்

பெலாரஸுக்கும் போலந்துக்கும் இடையிலான காடுகளில் உயரமான மரங்களில் குடைந்த பொந்துகளில் தேனீ வளர்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கயிற்றால் மரமேறி, தேனீயின் சொந்த வாழ்வைக் குலைக்காமல் தேன் எடுக்கும் கலை. 2020 டிசம்பரில் இரு நாடுகளின் கூட்டு விண்ணப்பத்தின் பேரில் யுனெஸ்கோ இதைப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் அதிபர் லுகஷென்கோவின் தேர்தலை எதிர்த்துத் தெருவுக்கு வந்த பெலாரஸ் மக்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். பலர் போலந்தில் தஞ்சம் புகுந்தார்கள். அடுத்த ஆண்டு எல்லையில் அகதிகள் நெருக்கடி. 2022-ல் போலந்து அந்தக் காட்டையும் ஊடுருவி 186 கிலோமீட்டருக்கு எஃகு வேலி எழுப்பியது. விண்ணப்பம் மட்டும் நிலைத்திருக்கிறது, ஏனென்றால் அதை எழுதியவர்கள் தேன் யாருடையது என்று கேட்கவில்லை, மரமேறத் தெரிந்தவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள்.

2024 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு உக்ரைனின் இணைப்புப் பேச்சு முறைப்படி தொடங்கியது. அதில் மிகக் கடினமான அத்தியாயம் விவசாயமாகத்தான் இருக்கும்; உக்ரைனின் பெரும் பண்ணைகளைக் கண்டு பயப்படுவதில் முதலிடம் போலந்து விவசாயிக்கு. தானியம், சர்க்கரை, கோழி இறைச்சிக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்குள் என்று வாதம் நடக்கும். கார்பாத்தியத்தின் உக்ரைன் பக்கத்து ஹுத்சூல் இடையர்கள் செய்யும் பிரின்ஸா என்ற செம்மறி ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் ஒருநாள் ஸ்லோவாக்கிய, போலந்துப் பிரின்ஸாக்கள் இருக்கும் அதே பதிவேட்டில் இடம் கேட்டு வரும். அப்போதும் ஆட்சேபம் எழலாம். பாலின் சதவீதம், மேய்ச்சல் மாதம், அச்சின் வடிவம் என்று மூன்று நாட்டு அதிகாரிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் தகராறு செய்யட்டும். உக்ரைன் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மேசையில் ஒரு நாற்காலியைத்தான்.